ஓவனில் சட்டி அடுக்கிவைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு

மாட்டுக்கறி சாப்பிடும் வீடுகளிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போயிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

டாலஸ், பஃபலோ, டெம்பி என்று எந்த ஊரானாலும் சரி, நாலு பேர் பங்கு போட்டு எடுக்கும் வாடகை வீட்டில் ஓவனுக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான். குக்கர், தோசைக்கல், ஊரிலிருந்து பெட்டியில் வந்த இட்லிச் சட்டி எல்லாம் அதற்குள் அடுக்கப்பட்டிருக்கும். மேலே நாலு பர்னரும் ஓயாமல் எரியும். கீழே 'பிராயில்' என்று எழுதிய பொத்தானை வீட்டைக் காலி செய்கிற நாள்வரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். வாடகையோடு சேர்த்து வந்த நல்ல அடுப்பு ஒன்று இப்படிச் சும்மா கிடக்கிறது.

தொட்டவர்கள் கதையும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிகிறது. சூப்பர் மார்க்கெட்டில் 'லண்டன் பிராயில்' என்ற சீட்டு ஒட்டிய பெரிய சதைத் துண்டு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி வந்து தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சை எல்லாம் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைக்கிறார்கள். மறுநாள் ஓவனில் முக்கால் மணி நேரம் விடுகிறார்கள். வெளியே வருவது செருப்புத் தோல். 'இந்த ஊர்க் கறியே சரியில்லை' என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். பாவம், கறியின்மேல் தப்பே இல்லை.

தப்பு எங்கே என்றால், குழம்புக்குக் கற்றுக்கொண்ட பாடத்தை ஸ்டேக் என்ற தடித்த முழுத் துண்டுக்கும் போட்டுப் பார்ப்பதில். ஊரில் பீஃப் என்றால் எலும்போடு சின்னத் துண்டு. குக்கரில் விசில் விட்டு, பிறகு சுக்காவோ வறுவலோ. அந்த முறையில் நியாயம் இருக்கிறது. காலும் தோளும் உழைத்து உழைத்து இறுகிய தசை. அதில் கொலாஜன் என்ற இணைப்புத் திசு நிறைய. ஈரமான சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அது கரைந்து ஜெலட்டினாகி, கறி பூவாக உதிரும். குக்கர் உள்ளே வெப்பத்தை 120 டிகிரி செல்சியஸ் பக்கம் கொண்டுபோய் அந்த நேரத்தைச் சுருக்குகிறது. பிராயில் என்பது தலைக்கு மேலிருந்து இறங்கும் கடும் சூட்டில் சுடுவது. அதில் அந்த நேரமும் கிடையாது, ஈரமும் கிடையாது. பத்து நிமிஷ வேலை.

ஆக மாட்டுக்கறிக்கு இரண்டு கரைதான். உள்சூடு 57 டிகிரியைத் தாண்டாமல் சட்டென்று எடுத்துவிடுவது ஒன்று. கொலாஜன் கரையும்வரை பொறுமையாக வேகவிடுவது இன்னொன்று. 60 டிகிரியைத் தாண்டியதும் திசுக்கள் சுருங்கிச் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ள ஆரம்பிக்கும். கொலாஜனோ இன்னும் கரைந்திருக்காது. 75 டிகிரியில் எடுத்த கறிக்குச் சாறும் போச்சு, மென்மையும் வரவில்லை. ஃபிளாங்க் என்ற வயிற்றுப் பக்கத் தசை ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க வீடுகளில் அதைப் பத்து நிமிஷம் பிராயில் செய்து உள்ளே சிவப்பாகச் சாப்பிடுகிறார்கள். கியூபாக்காரர்கள் அதே தசையை மணிக்கணக்கில் வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, தக்காளியும் குடைமிளகாயும் சேர்த்து 'ரோப்பா வியஹா' செய்கிறார்கள். இரண்டும் ருசி. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் செருப்பு.

சிவப்பே ஆகாது, பார்த்தாலே குமட்டுகிறது என்பவர்கள் கூச்சப்படாமல் கியூபா வழியிலோ அம்மா வழியிலோ போகலாம். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்டேக்கை வெட்டினால் தட்டில் வழியும் சிவப்பு நீர் ரத்தம் இல்லை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ரத்தம் கசாப்புக் கூடத்திலேயே வடிந்துவிடுகிறது. சதைக்குள் ஆக்ஸிஜனைச் சேமித்துவைக்கும் மயோகுளோபின் என்ற புரதம்தான் அந்த நிறம். சுமார் 60 டிகிரிக்கு மேல் அதுவே பழுப்பாகிவிடும்.

அந்தச் சீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லண்டன் பிராயில் லண்டனின் சமையல் அல்ல. அமெரிக்கர்கள் வைத்த பெயர். மாட்டின் எந்தப் பாகம் என்பதையும் அது சொல்வதில்லை. ஒரு காலத்தில் ஃபிளாங்க் ஸ்டேக்கை ஊறவைத்து, பிராயில் செய்து, மெல்லிசாகச் சீவிப் பரிமாறுவதற்கு அந்தப் பெயர் இருந்தது. இன்று கடைகளில் பெரும்பாலும் 'டாப் ரவுண்ட்' என்ற பின்தொடைச் சதைக்கு அதை ஒட்டுகிறார்கள். டாப் ரவுண்டில் கொழுப்பு கம்மி, விலையும் கம்மி, இறுக்கம் அதிகம். ஃபிளாங்க்கில் நார் தடிமன், ஆனால் மாட்டுக்கறியின் மணம் அதில்தான் முழுசாகத் தெரியும். கையில் காசு இருக்கிற வாரம் ஃபிளாங்க், இல்லாத வாரம் டாப் ரவுண்ட்.

மலிவான தசைகள் மலிவாகவே இருந்துவிடுவதில்லை என்பதற்கு டெக்சாஸில் ஒரு கதை உண்டு. மாட்டின் உதரவிதானத் தசையான 'ஸ்கர்ட்' யாருக்கும் வேண்டாத பாகமாக இருந்த காலத்தில், பண்ணை முதலாளிகள் அதை மெக்சிகோ வம்சாவளி மாடு மேய்ப்பவர்களுக்குக் கூலியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்கள் அதைக் கரியில் சுட்டு, சீவி, டார்ட்டியா ரொட்டியில் சுற்றித் தின்றார்கள். ஆஸ்டினில் கறிக்கடை நிர்வாகியாக இருந்த சானி ஃபால்கன் 1969இல் கைல் என்ற சிற்றூரின் விழாவில் கடை போட்டு அதை 'ஃபஹீட்டா' என்று விற்றார். 1973இல் ஹூஸ்டனில் நின்ஃபா லோரென்சோ பத்து மேசையோடு ஒரு சாப்பாட்டுக் கடை திறந்து அந்த உணவை ஊரெல்லாம் பேசவைத்தார். அதன் பிறகு ஸ்கர்ட்டின் விலை ஏறிவிட்டது. கூலியோடு இலவசமாகக் கொடுத்த சதையை இன்று கூலிக்காரன் வாங்கித் தின்ன முடியவில்லை.

இனி ஊறவைப்பது. தம்பிகளின் நம்பிக்கை முழுக்க இங்கேதான் இருக்கிறது. அது கொஞ்சம் குறைந்தால் நல்லது. ராத்திரி முழுக்க ஊறினாலும் மசாலாவின் மணங்கள் சதைக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. நிஜமாக உள்ளே இறங்குவது உப்பு. அது சதையின் புரதத்தைத் தளர்த்தி, சூட்டில் நீரைப் பிடித்துவைக்க உதவுகிறது. அமெரிக்கர்கள் ஊறவைக்கும் கலவையில் சோயா சாஸ் தவறாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்: அதில் உப்பும் உண்டு, கறியின் ருசியைத் தூக்கிக் காட்டும் குளூட்டமேட்டும் உண்டு. சோயா சாஸ் தயாரிக்கும் ஜப்பானின் கிக்கோமன் நிறுவனம் 1973இல் விஸ்கான்சின் மாநிலத்தில் வால்வொர்த் என்ற ஊரில் ஆலையே திறந்துவிட்டது. அமெரிக்கர்கள் இன்னொன்றும் ஊற்றுவார்கள், வூஸ்டர்ஷயர் சாஸ். 1837இலிருந்து லீ அண்ட் பெரின்ஸ் விற்கும் அந்தக் கறுப்புத் தண்ணீரில் இருப்பது என்னவென்று பாட்டிலைத் திருப்பிப் படித்தால் புளி, நெத்திலி, பூண்டு, வெங்காயம், வினிகர். ஏறக்குறைய ஒரு மீன் குழம்பையே இங்கிலாந்துக்காரன் புட்டியில் அடைத்து விற்கிறான்.

எலுமிச்சையும் தயிரும் வினிகரும் மேல்தோலைத்தான் தொடும். நேரம் கூடினால் அந்த மேல்தோலும் சுண்ணாம்பாக மாவாகிவிடும். ஊரில் முற்றிய ஆட்டுக்கறிக்குப் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அந்தப் பப்பெய்ன் என்சைம் குழம்புக்குச் சரி. ஸ்டேக்கில் தடவினால் வெளிப்புறம் கொழகொழவென்றும் உள்ளே பழைய இறுக்கமாகவும் நிற்கும். அன்னாசி, கிவி எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

மிளகாய்த்தூளையும் மல்லித்தூளையும் பிராயிலுக்கு முன்னால் தடவாதீர்கள். சிவந்து தகிக்கும் கம்பிக்குக் கீழே பொடிகள் கருகிக் கசக்கும். நறுக்கிய பூண்டும் அப்படியே. ஆகவே பூண்டைத் தட்டிப் போட்டு, அடுப்புக்குப் போகும் முன் எடுத்துவிட வேண்டும். சர்க்கரையும் தேனும் சீக்கிரமே கரியாகும், கொஞ்சம் போதும்.

எழுநூறு கிராம் துண்டுக்கு ஒரு கணக்கு: சோயா சாஸ் கால் கப், எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, வூஸ்டர்ஷயர் சாஸ் ஒரு மேசைக்கரண்டி, தட்டிய பூண்டு நாலு பல், சர்க்கரை ஒரு தேக்கரண்டி, கொரகொரவென்று இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, இடித்த சீரகம் அரைத் தேக்கரண்டி. தனியாக உப்பு வேண்டாம், சோயாவிலேயே இருக்கிறது. எல்லாவற்றையும் ஜிப் பையில் கறியோடு போட்டு, காற்றை வெளியேற்றி, ஃபிரிட்ஜில் இரண்டிலிருந்து நாலு மணி நேரம். சமையல் மேடையில் ஊறவைக்கக் கூடாது. பச்சைக் கறி ஊறிய தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் மேலே ஊற்றவும் கூடாது.

அடுத்த வேலையை அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். ஊறிய கறியை எடுத்து, பேப்பர் டவலால் ஒற்றி ஒற்றி ஈரத்தைப் போக்க வேண்டும். 'ஊறவைத்த மசாலாவைத் துடைப்பதா' என்று மனசு கேட்காது. ஆனாலும் துடைத்தே ஆக வேண்டும். கறி சிவந்து மணப்பதற்குக் காரணமான வேதிவினையை 1912இல் விவரித்தவர் பிரான்சின் லூயி கமீல் மையார். அது மும்முரமாக நடக்க மேற்பரப்பு ஏறக்குறைய 140 டிகிரிக்குப் போக வேண்டும். ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியிலேயே நிற்கும். அதற்குள் உள்ளே வெந்து முடிந்துவிடும். சாம்பல் நிறத்தில் அவிந்த கறிதான் மிச்சம்.

இப்படிச் சிவக்கவிட்டால் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்று இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1847இல் ஜெர்மனியின் பெரிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபொன் லீபிக் எழுதியதன் எச்சம் அது. உணவு அறிவியல் எழுத்தாளர் ஹெரால்ட் மக்கீ 1984இல் வந்த தன் புத்தகத்தில் அதை மறுத்தார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், சூடான வாணலியில் கறி போடும்போது வரும் 'சொய்' சத்தமே சாறு வெளியேறிக்கொண்டிருக்கிறது என்பதற்குச் சாட்சி. சிவக்கவைப்பது ருசிக்காக, பூட்டுவதற்காக அல்ல.

பிராய்லர் (கோழியை மறந்துவிடுங்கள்) ஓவனின் கூரையில் இருக்கும் கம்பி அல்லது கேஸ் ஜ்வாலை. சில பழைய கேஸ் அடுப்புகளில் அது கீழ் இழுப்பறையில் இருக்கும். தணலை அடியில் வைத்துச் சுடுவதற்குப் பதில் தலைக்கு மேல் வைத்துச் சுடுகிறது, வித்தியாசம் அவ்வளவுதான். வெப்பம் கதிர்வீச்சாக நேரே இறங்குவதால் தூரம் முக்கியம்: கறியின் மேல்புறத்துக்கும் கம்பிக்கும் நடுவே மூன்று நாலு அங்குலம். முதலில் உள்ளே இருக்கும் குக்கரையும் இட்லிச் சட்டியையும் வெளியே எடுங்கள். குக்கரின் ரப்பர் கேஸ்கெட் உருகிய வீடுகள் உண்டு. தட்டு வைக்கும் கம்பிப் பலகையைச் சூடேறும் முன்பே உயரம் பார்த்துப் பொருத்திவிட்டு, 'ஹை'யில் பத்து நிமிஷம் காயவிடுங்கள். கதவை மூடுவதா, கொஞ்சம் திறந்து வைப்பதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். கேஸ் என்றால் பொதுவாக மூடியே இருக்க வேண்டும். மின்சார ஓவனுக்குக் கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பாத்திரத்தில் விளையாட்டு கூடாது. கண்ணாடிப் பாத்திரம் பிராய்லர் சூட்டில் வெடித்துச் சிதறும். நான்ஸ்டிக் பூச்சு அந்த வெப்பத்துக்கு ஆகாது. பார்ச்மென்ட் பேப்பர் தீப்பிடிக்கும். ஓவனோடு ஓட்டை போட்ட இரண்டு அடுக்குத் தட்டு வந்திருந்தால் அதுவே சரி; கொழுப்பு கீழ்த்தட்டில் இறங்கிவிடும். மேல்தட்டின் ஓட்டைகளை ஃபாயிலால் மூடாதீர்கள், கொழுப்பு தேங்கிப் பற்றிக்கொள்ளும். அந்தத் தட்டு இல்லையென்றால் வார்ப்பிரும்பு வாணலி. அதையும் ஓவனிலேயே காயவைத்தால் அடியிலிருந்தும் கறி சிவக்கும். உள்ளே தீ எழுந்துவிட்டால் அடுப்பை அணைத்து, கதவை மூடியே வைத்திருங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. புகையெடுக்கும் விசிறியை முதலிலேயே போட்டு, ஜன்னலைத் திறந்துவிடுவது உத்தமம். ஸ்மோக் அலாரம் அடித்தால் சில கட்டடங்களில் எல்லோரும் கீழே இறங்கி நிற்க வேண்டியிருக்கும்.

ஒரு அங்குலத் தடிமனுக்கு முதல் பக்கம் நாலைந்து நிமிஷம், திருப்பிப் போட்டு மூன்று நாலு நிமிஷம். நிமிஷத்தை முழுசாக நம்பவும் கூடாது. ஒவ்வொரு ஓவனுக்கும் ஒரு குணம். பத்துப் பதினைந்து டாலருக்கு உடனே காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. மசாலாவுக்குச் செலவழிக்கும் பணத்தை இதில் போடலாம். ஊசியை மேலிருந்து குத்தாமல், பக்கவாட்டில் தடித்த இடத்தின் நடுவரை செலுத்த வேண்டும். 52 டிகிரி, அதாவது 125 ஃபாரன்ஹீட் காட்டியதும் வெளியே எடுத்து, ஏழெட்டு நிமிஷம் அப்படியே வைத்தால் சூடு இன்னும் கொஞ்சம் ஏறி, உள்ளே சிவப்பாக இருக்கும் மீடியம் ரேர் பக்குவத்துக்கு வந்து நிற்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அமெரிக்க வேளாண் துறை முழுத் துண்டு மாட்டுக்கறிக்குச் சொல்லும் அளவு 63 டிகிரி, பிறகு மூன்று நிமிஷம் ஆறவிடுவது. மீடியம் ரேர் அதற்குக் கீழே. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களும் துறை சொல்வதையே கேட்க வேண்டும். மற்றவர்கள் துணிவதற்குக் காரணம், முழுத் துண்டில் கிருமிகள் மேற்பரப்பில்தான் இருக்கும், பிராய்லர் அவற்றைக் கொன்றுவிடும் என்பது. கொத்துக்கறியில் மேற்பரப்பு உள்ளே போய்விடுவதால் அந்தக் கணக்கு எடுபடாது. அதற்கு 71 டிகிரி. 1993இல் ஜாக் இன் தி பாக்ஸ் என்ற துரித உணவுக் கடைகளின் வேகாத ஹாம்பர்கரால் எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்று, நாலு குழந்தைகள் இறந்தார்கள். அடுத்த வருஷமே அதற்குக் காரணமான ஈ.கோலை ஓ157 என்ற கிருமி கலந்த கொத்துக்கறியை விற்பது சட்டவிரோதமானது.

அதே காரணத்துக்காக இன்னொரு சீட்டையும் படியுங்கள். இறுகிய சதையை மென்மையாக்க ஆலையிலேயே ஊசிகளாலும் கத்திகளாலும் குத்திவிடுவது உண்டு. அப்போது மேற்பரப்புக் கிருமி உள்ளே போய்விடும். இப்படிக் குத்திய கறிக்குச் சீட்டு ஒட்ட வேண்டும் என்பது கனடாவில் 2014 முதலும் அமெரிக்காவில் 2016 முதலும் சட்டம். 'மெக்கானிக்கலி டெண்டரைஸ்ட்', 'பிளேட் டெண்டரைஸ்ட்' என்று இருந்தால் 63 டிகிரிக்குக் குறைக்காதீர்கள்.

கடைசி வேலை கத்திக்கு. மென்மையில் பாதி இங்கேதான் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். ஃபிளாங்க்கில் நார்கள் நீளவாக்கில் கோடு போட்டாற்போல் ஓடும். அதே போக்கில் வெட்டினால் ஒவ்வொரு வாயிலும் நீளநீள நார். பல்தான் அதை அறுக்க வேண்டும். குறுக்கே, கத்தியைச் சாய்த்துப் பிடித்து, கால் அங்குலத்துக்கும் மெல்லிசாகச் சீவினால் அந்த வேலையைக் கத்தியே முடித்துவிடுகிறது. ஸ்கர்ட்டில் நார் அகலவாக்கில் ஓடும். முதலில் நாலு அங்குலத் துண்டுகளாக்கி, திருப்பிவைத்துச் சீவ வேண்டும். டாப் ரவுண்டில் வெந்தபின் நார்ப்போக்கு சட்டென்று தெரியாது. பச்சையாக இருக்கும்போதே ஒரு மூலையில் குறுக்காகச் சின்னதாக வெட்டி அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

காரம் இப்போதுதான் வர வேண்டும். அர்ஜென்டினாவில் சுட்ட மாட்டுக்கறிக்குத் தொட்டுக்கொள்ள பார்ஸ்லி, பூண்டு, ஒரிகானோ, வினிகர், எண்ணெய் சேர்த்த சிமிச்சூரி உண்டு. கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் எலுமிச்சையும் அரைத்தால் நம்மிடமும் அதற்கு ஈடான ஒன்று இருக்கிறது. ரொட்டி, டார்ட்டியா எதுவும் வேண்டாம், சூடான சோறு, மிளகு ரசம், தட்டில் தேங்கிய சாறு போதும். மிஞ்சிய துண்டுகள் ஃபிரிட்ஜில் மூன்று நாலு நாள் தாங்கும். சூடாக்கப் போய் மறுபடி வேகவைத்துவிடாமல், வதக்கிய வெங்காயத்தில் அரை நிமிஷம் புரட்டி எடுத்தாலே போதும்.

ஒரே சமையலறையில் மாட்டுக்கறி சாப்பிடாத நண்பர் இருந்தால், முதல் நாளே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வாணலி, கத்தி, பலகை மூன்றையும் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய இட்லிச் சட்டிக்கு ஓவனுக்கு வெளியே ஓர் இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பொத்தானை அழுத்துங்கள்.